சுருக்கும் நறுக்கும்: குறுகிய பேச்சுக்குத் தமிழ் வைத்த பெயர்கள்

திருகோணமலைக் கரையில் 'சுருக்கு' என்றதும் நினைவுக்கு வருவது பேச்சு இல்லை, வலை. சுருக்குவலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் ஆண்டுக்கணக்கில் முரண்பட்டு நிற்கிறார்கள். அதில் நியாயம் யார் பக்கம் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. வலை இயங்கும் விதத்தை மட்டும் பார்த்துவிடுவோம். மீன்கூட்டத்தைச் சுற்றி வலையை வட்டமாக விடுகிறார்கள். வலையின் அடிவிளிம்பில் வரிசையாக வளையங்கள் இருக்கின்றன; அவற்றுக்குள்ளால் ஒரு கயிறு ஓடுகிறது. வட்டம் கூடியதும் கயிற்றை இழுக்கிறார்கள். அடிவாய் கூம்பி ஒடுங்குகிறது. வலையில் ஒரு கண்கூட அறுவதில்லை. வாய்தான் சிறுத்தது, உள்ளே அகப்பட்டது அகப்பட்டபடியே இருக்கிறது.

'சுருக்கிச் சொல்' என்று ஒருவரைக் கேட்கும்போது தமிழ் கேட்பதும் இதைத்தான் என்பது என் எண்ணம். குறுகிய பேச்சைக் குறிக்கத் தமிழில் ஒரு டசனுக்கு மேல் சொற்கள் உண்டு. அகராதி அவற்றை ஒன்றுக்கொன்று பொருளாகப் போட்டு முடித்துவிடும். பிறந்த இடத்தையும் வழங்கும் இடத்தையும் வைத்துப் பார்த்தால் அவை இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. ஒன்று இழுத்து ஒடுக்குகிற குடும்பம். மற்றது வெட்டி எறிகிற குடும்பம். தமிழ் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்ததில்லை.

சுருங்கு, சுருக்கு, சுருக்கம் என்ற சொற்களின் உறவுக்காரர் சுருளும் சுரியும். பரோ, எமனோ இருவரும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டினால், சுருள்வதும் சுருங்குவதும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருப்பதைக் காணலாம். பாட்டியின் இடுப்பில் இருந்த சுருக்குப்பை, கன்றின் கழுத்தில் விழும் சுருக்கு, முதுமையில் தோலில் விழும் சுருக்கம், எல்லாவற்றிலும் பொருள் குறையவில்லை, இடம்தான் குறைந்தது. பையின் வாயை இழுத்து மூடினால் உள்ளே உள்ள காசு எண்ணிக்கையில் மாறுவதில்லை. 'ரத்தினச் சுருக்கம்' என்ற வழக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சிறிதாக இருப்பதால் ரத்தினத்துக்கு மதிப்பு வரவில்லை. அவ்வளவு மதிப்பு அவ்வளவு சிறிய இடத்தில் இருக்கிறது என்பதால் வந்தது.

ஐரோப்பியர் வேறு விதமாக நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் செறிவான பேச்சைப் புகழும் 'கொன்சைஸ்' என்ற சொல் வெட்டுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'டேர்ஸ்' துடைத்து மெருகிட்டது. 'சக்சிங்ட்' மட்டும் நமக்குக் கொஞ்சம் நெருக்கம்: உடையை இழுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டியது என்பது அதன் மூலப்பொருள். 'லக்கோனிக்' ஊர்ப்பெயரில் பிறந்தது. ஸ்பார்ட்டா இருந்த நாடு லக்கோனியா. அந்த நாட்டார் வாய் திறப்பதே அரிது என்று பேர் வாங்கியவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மக்கெடோனிய மன்னன் பிலிப்பு, உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் அடியோடு அழிப்பேன் என்று ஆள் அனுப்ப, அவர்கள் 'ஆல்' என்ற ஒற்றை இடைச்சொல்லைப் பதிலாக அனுப்பினார்கள் என்பது கதை. இந்தக் கதையைத் தமிழில் சொல்ல முயன்றவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். தமிழில் அந்த 'ஆல்' தனியே நிற்காது, வினையோடு ஒட்டித்தான் வரும். நம் ஆள் ஒருவன் பதில் அனுப்பியிருந்தால் 'வந்தால்தானே!' என்று அனுப்பியிருப்பான். அதுவும் ஒரே சொல். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் வருகிறவனும் இருக்கிறான், வருவது நிச்சயமில்லை என்ற கேலியும் இருக்கிறது.

இழுத்து ஒடுக்கும் குடும்பத்துக்குத் தமிழ்ப் புலமை மரபில் பெரிய இடம். அதற்குக் காரணம் நூல் என்ற சொல்லே கயிற்றுச் சாதி என்பது. சூத்திரம் என்ற வடசொல்லுக்கும் முதற்பொருள் நூலிழைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கனின் ஆதரவில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவராகவும் வைத்து நூலுக்குப் பெயர்க் காரணம் சொல்கிறார். சூத்திரத்துக்கு அவர் தரும் இலக்கணத்தில் கண்ணாடி வருகிறது: சில எழுத்தில் பல பொருளைச் சிறிய ஆடி பெரிய உருவத்தைக் காட்டுவதுபோலக் காட்ட வேண்டும். இதிலும் எதையும் வெட்டவில்லை. மலை முழுவதும் கண்ணாடிக்குள் இருக்கிறது. பின்னாளில் கம்பி வழியே செய்தி போனபோது அதற்கு வைத்த பெயர் தந்தி. யாழிலும் வீணையிலும் கட்டுகிற அதே தந்தி. ஆக, சூத்திரம், நூல், சுருக்கு, தந்தி என்று, செறிவான சொல்லுக்கு நம்மவர் தேடிப்போன பெயர்கள் பலவும் ஏதோ ஒரு கயிற்றில் தொங்குகின்றன.

வளவளப்புக்கும் கயிறுதான் வேண்டியிருந்தது என்பது வேடிக்கை. 'கயிறு திரிக்கிறான்', 'கதையை இழுக்கிறான்', 'நீட்டி முழக்குகிறான்' என்கிறோம். கயிறு ஒன்றே, கை மாறும்போது குணம் மாறுகிறது.

வடமொழி இலக்கணக்காரர் சுருக்கத்துக்கு வைத்த பெயர் லாகவம், அதாவது லேசாயிருத்தல். அரை மாத்திரையை மிச்சம் பிடித்தால் மகன் பிறந்த மகிழ்ச்சி அவர்களுக்கு என்று அவர்களைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்ளும் பழமொழி உண்டு. அந்த லாகவம் தமிழில் எழுத்து முன்பின்னாகி லாவகம் ஆயிற்று. சுருக்கம் என்ற பொருளை உதறிவிட்டுக் கைத்திறன் என்ற பொருளில் நிலைத்தது. மாத்திரைக் கணக்கில் நம்மவரும் சளைத்தவர்கள் அல்லர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குற்றியலுகரத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்கும் ஆய்தக்குறுக்கத்துக்கும் கால் என்று கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் வைத்து அளந்தார்கள். குறில், குற்றியல், குறுக்கம் மூன்றுக்கும் வேர் 'குறு'. இது பிறவியிலேயே சிறியதைக் குறிக்கிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் எங்கும் இதற்குச் சொந்தம் உண்டு. சுருங்கியது முன்பு பெரிதாயிருந்தது. குறியது எப்போதும் அப்படித்தான்.

குறள் என்ற பெயரும் இந்த வேரில் வந்ததே. குறள் என்றால் குள்ளன். மாவலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனனுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. ஏழு சீரில் முடியும் அந்த வெண்பாவை 1,330 தடவை கையாண்ட வள்ளுவர், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கினார். குற்றமற்ற சில சொற்களைச் சொல்லத் தெரியாதவர்களே பல சொல்ல ஆசைப்படுவார்கள் என்பது அவர் கணிப்பு. நம் ஊர் மேடைகளில் 'நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக' என்று தொடங்குகிறவர்களைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

தொகை என்ற சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். தொகுத்தல் என்றால் கூட்டிச் சேர்த்தல். ஆனால் இலக்கணத்தில் அதற்கு மறைத்தல் என்ற வேலையும் உண்டு. 'கரைவலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று இழுக்கிற வலை என்பதில் பாதியை அது வாய் திறந்து சொல்வதில்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது இதைத்தான். திருகோணமலைக் கடற்கரையில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வீட்டுப் பிள்ளைக்கு அந்த இலக்கணப் பெயர் தெரியாமலிருக்கலாம். மறைந்திருக்கும் சொற்கள் தெரியும்.

இனி வெட்டுகிற குடும்பம்.

வெட்டிப் பேசினான், எடுத்தெறிந்து பேசினான், முறித்துப் பேசினான், மொட்டையாகச் சொன்னான், துண்டு துண்டாகக் கதைத்தான். இவற்றில் ஒன்றையாவது யாரும் நற்சான்றிதழில் எழுதுவதில்லை. ஔவையின் ஆத்திசூடியும் வெட்டிப் பேசுவதை விலக்கியது. 'வெட்டொன்று துண்டிரண்டு' என்பதில் மட்டும் அரை மரியாதை உண்டு. அதுவும் நமக்குச் சார்பாகப் பேசியவரைப் பற்றிச் சொல்லும்போது. மொட்டை என்ற சொல் இன்னும் கடுமை. மயிர் போனால் மொட்டைத் தலை, ஓலை போனால் மொட்டைப் பனை, பெயர் போனால் மொட்டைக் கடிதம். இருக்க வேண்டியது இல்லை என்று அது குற்றம் சாட்டுகிறது.

நறுக்கு என்ற சொல் இந்தக் கணக்கில் அடங்காமல் நிற்கிறது. நறுக்குவதும் வெட்டுவதுதான், ஆனால் 'நறுக்கென்று சொன்னார்', 'நறுக்குத் தெறித்தாற்போலச் சொன்னார்' என்பவை பாராட்டு. ஓலைக் காலத்தில் நறுக்கு என்றால் சிறு ஓலைத்துண்டு. அதில் எழுதிய சிறு குறிப்பும் நறுக்கு. அந்தத் துண்டில் இடம் குறைவு, எழுதுகிறவர் அதற்குத் தக எழுதினார். அப்படிப் பார்த்தால் நறுக்கப்பட்டது ஓலை. செய்தி முழுசாகத்தான் போனது. இது என் ஊகம். 'நறுக்' என்ற ஒலிக்குறிப்பே பாராட்டுக்குக் காரணம் என்று யாராவது மறுத்தால் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஒலிக்குறிப்பு என்றதும் இன்னொன்று. நீளப் பேச்சுக்குத் தமிழ் வைத்த ஒலிகளைப் பாருங்கள்: வளவள, சளசள, தொணதொண, லொடலொட. எல்லாம் இரட்டை. குறுகிய பேச்சுக்கு உள்ளவை நறுக், வெடுக், சட், பட் என்று பெரும்பாலும் ஒற்றை அடி. சட்டுப்புட்டு போலச் சில விலக்குகள் உண்டு. இருந்தாலும் ஒலியே பொருளைச் செய்துகாட்டுவதை இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

குறளைப் புகழ்ந்த திருவள்ளுவமாலை வெண்பா ஒன்று என் பிரிவினையை உடைப்பதுபோலத் தோன்றும். இடைக்காடர் பெயரில் உள்ளது அது. கடுகில் துளையிட்டு ஏழு கடலையும் அதற்குள் செலுத்திய பிறகு, குறுகும்படி 'தறித்த' குறள் என்று அது முடிகிறது. தறித்தல் என்றால் வெட்டுதல். 'மரம் தறிக்க ஆள் வந்திட்டுதா?' என்று ஈழத்தில் இன்றும் கேட்கிறோம். வெட்டுவது இங்கே புகழ்ச்சியாகிவிட்டதே என்று கேட்கலாம். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கடல் உள்ளே போகிறது, பிறகுதான் கோடரி வருகிறது. உள்ளே எதுவும் இல்லாமல் தறித்தால் கிடைப்பது விறகு.

நன்னூல் இந்த வேறுபாட்டை இரண்டு பட்டியல்களில் வைத்தது. நூலின் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். பத்து அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். மிகைபடக் கூறல் குற்றப் பட்டியலில் அடுத்ததாக நிற்கிறது. அழகுப் பட்டியலில் அடுத்தது விளங்க வைத்தல். தொல்காப்பிய மரபியலின் குற்றப் பட்டியல் கூறியது கூறலில் தொடங்குகிறது, குன்றக் கூறல் அங்கே மூன்றாவது. தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு, அதாவது பழமொழிக்கு, இலக்கணம் சொல்லும்போது சுருக்கத்தோடு நுண்மையையும் ஒளியையும் மென்மையையும் கேட்கிறது. வெறும் சுருக்கம் போதாது என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

சுருங்கச் சொல்வதற்கும் குன்றச் சொல்வதற்கும் எல்லை எங்கே? இலக்கண நூல்கள் அதைச் சொல்பவரிடம் வைத்தன. நான் கேட்பவரிடம் வைப்பேன். அதற்குத் திருகோணமலை என்ற இந்தத் துறைமுக ஊரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். தேவாரம் கோணமாமலை என்றது. திருக்கோணமலை, திருகோணமலை என்று வழங்கி, இன்று உள்ளூரில் திருமலை. ஆங்கில வாய்க்கு ட்ரிங்கோ. 1935இல் ஜோர்ஜ் கிங்ஸ்லி சிப்ஃப் என்ற அமெரிக்க அறிஞர், அடிக்கடி வழங்கும் சொற்கள் நீளம் குறைந்தவையாக இருப்பதை எண்ணிக் காட்டி எழுதினார். மோர்ஸ் குறியீட்டில் ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்துக்கு ஒற்றைப் புள்ளி மட்டும் கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். ஒரு நாளில் பலமுறை சொல்ல வேண்டிய ஊர்ப்பெயர் ஆறு எழுத்தைத் தாங்காது. ஆனால் எதைக் கைவிட்டது என்று பாருங்கள். ட்ரிங்கோ வாலை விட்டது; மலை போயிற்று, கோணத்தின் தலை மிஞ்சியது. திருமலையோ நடுவை விட்டது. அதாவது ஊரின் அடையாளமான கோணத்தையே விட்டது. மிஞ்சியது திருவும் மலையும். சென்னையில் போய்த் 'திருமலைக்குப் போறன்' என்றால் ஏழுமலையானைச் சேவிக்கப் போவதாக நினைத்து லட்டு கேட்பார்கள். வவுனியாவில் சொன்னால் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். ஒரே சொல் அங்கே குன்றக் கூறல், இங்கே சுருங்கச் சொல்லல்.

'பாதை' இன்னொன்று. கிழக்கில் ஆற்றையும் களப்பையும் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் பாதை என்று பெயர். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குப் போனவர்கள் பாதையில்தான் போனார்கள். 'பாதை இன்னும் வரேல்ல' என்று கரையில் நிற்பவர் சொல்வதைக் கேட்ட வெளியூரார் குழம்புவது நியாயம். பாதை எப்படி வரும்?

பஸ்ஸில் ஏறுங்கள். உப்புவெளி தாண்டி நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில், இறங்க வேண்டியவர் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தபடி 'இறக்கம்!' என்பார். கொண்டக்டர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. கையால் தகரத்தில் தட்டுவார், பஸ் நிற்கும். ஆள் இறங்கியதும் 'ரைட்'. இரண்டு பேருக்கும் இடையில் இரண்டே சொற்கள், இரண்டிலும் வினைமுற்று இல்லை. யார் இறங்குவது, எங்கே, எப்போது என்ற மூன்றையும் எழுந்து நின்றதே சொல்லிவிட்டது. சந்தையில் 'காணும்' என்ற சொல் இதே வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டார் 'போதும்' என்பதை நாம் 'காணும்' என்கிறோம். அளக்கிறவரின் கையை நிறுத்தவும் அந்தச் சொல்தான், அலம்புகிறவரின் வாயை நிறுத்தவும் அந்தச் சொல்தான்: 'கதை காணும்.' 'ஏலாது' என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் கேள்வி கேட்பது மரியாதை இல்லை.

'சுறுக்கா' என்ற சொல்லை மட்டும் தனியே பார்க்க வேண்டும். கிழக்கில் 'சுறுக்கா வாங்க' என்றால் விரைந்து வாருங்கள். வடக்கே அந்த இடத்தில் 'கெதியா' வரும். எழுத்தில் சுருக்கு வேறு, சுறுக்கு வேறு. முன்னது ஒடுக்கம், பின்னது விரைவும் தைப்பும். முள் சுறுக்கென்று குத்துகிறதே, அது. பேச்சில் ரகரமும் றகரமும் கலந்துவிட்டதால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. 'சுருக்கமாச் சொல்லு' என்பவர்களில் பாதிப்பேர் உண்மையில் கேட்பது 'சுறுக்கா முடி' என்பதையே. விரைவாகப் பேசுவதும் செறிவாகப் பேசுவதும் ஒன்றல்ல. வேகமாகப் பேசுகிறவரே அதிகம் பேசுகிறார் என்பதற்கு வானொலி அறிவிப்பாளர்கள் சாட்சி.

மூன்று மொழி வழங்கும் மாவட்டம் என்பதால் அண்டை வீட்டுச் சொற்களும் காதில் விழும். சிங்களத்தில் குறுகியதற்கு 'கெட்டி' என்று ஒலிக்கும் சொல். சிறுகதை அங்கே கெட்டி கதாவ. தமிழ்க் காதுக்கு அது திடமான கதை. இரண்டு சொல்லுக்கும் உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் தற்செயலில் ஒரு நல்ல விமர்சனக் கொள்கை கிடைத்துவிடுகிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் மார்க்கக் கல்வி பெற்றவர்கள் 'முக்தஸர்' என்ற அரபுச் சொல்லை அறிவார்கள். பெரிய நூலின் சாரத்தைத் தரும் சிறு நூல் அது. தொழுகையை நீட்டிக் குத்பா என்ற பிரசங்கத்தைச் சுருக்குவது ஒருவருடைய விளக்கத்தின் அடையாளம் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் எத்தனை பேர் அதை மனதுக்குள் நினைத்துக்கொள்கிறார்களோ.

துறைமுகத்துக்கு என்று ஒரு தனிச் சுருக்கம் உண்டு. அது வாயால் பேசப்படுவதில்லை. 1857இல் பிரித்தானிய வர்த்தகச் சபை தொகுத்து, பலமுறை திருத்தப்பட்டு, இன்று உலகக் கப்பல்கள் எல்லாம் பின்பற்றும் கொடிக் குறியீட்டில் ஒற்றைக் கொடி ஒரு முழு வாக்கியம். 'ஓ' கொடி ஏறினால் ஆள் கடலில் விழுந்துவிட்டார். 'எச்' ஏறினால் துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் கப்பலில் இருக்கிறார். மஞ்சளும் நீலமுமாக ஆறு பட்டை கொண்ட 'ஜி' கொடி, கப்பல் ஏற்றினால் பைலட் வேண்டும் என்று பொருள். மீன்பிடித் தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தொழில் செய்யும் படகு அதையே ஏற்றினால் வலை இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். துணி ஒன்று, நிறம் ஒன்று. யார் ஏற்றினார், எங்கே நின்று ஏற்றினார் என்பது மீதியைச் சொல்கிறது. குறுகிய பேச்சு கேட்பவரை நம்பி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தந்தி வேறு மாதிரி. இலங்கையில் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே ஓடியது. பிற்பாடு ஊரூராகத் தபால் கந்தோர்களில் சொல்லை எண்ணிக் காசு வாங்கினார்கள். காசு சொல்லைக் கத்தரித்தது. எழுவாய் போயிற்று, வேற்றுமை போயிற்று, நலம் விசாரிப்பு போயிற்று. 'அப்பா சீரியஸ், உடன் வரவும்' என்று வந்தால் அப்பா போய்விட்டார் என்று வீட்டார் புரிந்துகொண்டார்கள். வாசிக்கும் முன்பே, தந்திக்காரரின் சைக்கிள் படலையில் நின்றபோதே, உள்ளே அழுகை எழும்பிய வீடுகள் உண்டு. வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தும் தந்தி குன்றக் கூறல் ஆகவில்லை. வெட்டப்பட்டது என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. 'தந்தி அடிக்கிறான்' என்ற சொல் மட்டும் குளிரில் நடுங்கும் பல்லுக்கு மிஞ்சியிருக்கிறது.

திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கும் சாட்சி. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டியபோது வாசலில் வந்து சேர்ந்த கல் அது. பக்கத்தில் இரட்டை மீன் சின்னம். மன்னன் குளக்கோட்டன் கட்டிய திருப்பணியைப் பறங்கியர் பின்னாளில் குலைப்பர் என்று முன்னறிவிப்பதாகச் சொல்லப்படும் அந்த வெண்பா கல்லில் முழுசாக இல்லை. வழக்கில் உள்ள பாடத்தைக் கொண்டுதான் விடுபட்ட எழுத்துகளை நிரப்பி வாசிக்கிறார்கள். பாட்டை மனதில் வைத்திருந்தவர்கள் இல்லாமல் போயிருந்தால் கல்லில் இருப்பது வெறும் துண்டு. இப்போது அது பாட்டின் சுருக்கம்போல வேலை செய்கிறது. கல் மாறவில்லை, கேட்பவர் இருந்தார்.

இந்த மாவட்டத்துப் புலமைக்கும் சுருக்கத்தோடு தொடர்பு உண்டு. திருகோணமலையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை (1863–1922) பதிப்பித்தவற்றுள் தமிழ் நாவலர் சரிதையும் ஒன்று. ஒரு புலவரின் வாழ்வுக்கு நாலடித் தனிப்பாட்டு ஒன்றிரண்டே சாட்சியாக நிற்கும் விசித்திரமான நூல் அது. அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை 1895இல் மோகனாங்கி என்ற வரலாற்று நாவலை எழுதி எதிர்த்திசையில் போனார். திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய உறவு கொண்டிருந்த சுவாமி விபுலானந்தர் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கலைச்சொல் என்பது ஒரு பத்தி விளக்கத்தை ஒரு சொல்லுக்குள் இழுத்துக் கட்டுவது. சுருக்குக் கயிற்றின் வேலைதான் அதுவும். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையைப் படித்தவர்களுக்கு இந்தக் கரையின் பேச்சு எவ்வளவு கொஞ்சத்தில் எவ்வளவு சொல்லும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விமர்சகர்கள் இதைச் சொற்செட்டு என்கிறார்கள். செட்டு என்றால் வாணிகம், சிக்கனம். கஞ்சத்தனம் என்ற நிழலும் அதில் விழுகிறது. நல்ல எழுத்தைப் புகழ அதைவிடச் சுருக்கம் என்ற பழைய சொல்லே போதும் என்பேன்.

இன்று 'சுருக்கம்' என்ற தலைப்பின் கீழ் பத்திரிகையிலும் கைபேசியிலும் வருகிறவற்றில் பெரும்பகுதி மொட்டை. நீண்ட அறிக்கையின் முதல் மூன்று வரியை வெட்டி ஒட்டி அதற்குச் சுருக்கம் என்று பெயர் வைக்கிறார்கள். வலையை அறுத்து மீனைப் பாதியில் விட்டவரைச் சம்மாட்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை. பொருள் முழுதும் உள்ளே இருக்கிறதா, இந்தச் சொற்களை வாசிக்கப்போகிறவருக்கு மீதி தெரியுமா என்ற இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் ஓம் என்று பதில் வந்தால் மட்டுமே அது சுருக்கம். இல்லையென்றால் அதற்கு நன்னூல் கொடுத்த பெயர் இருக்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதற்கு முன்பு டொக்யார்ட்டில் வேலை செய்தவர்கள் இன்று உயிரோடு இருந்தால் எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். கிரேன் அடியிலும் படகுத் துறையிலும் கரைவலைக் கயிற்றிலும் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட ஒற்றைச் சொற்கள், கைச்சாடைகள், ஆங்கிலத்திலிருந்து நறுக்கி எடுத்துக்கொண்ட கட்டளைகள் பலவும் அகராதி ஏறாதவை. உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால் பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிவையுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், யார் யாரிடம், எந்த இடத்தில், என்ன வேலையின் நடுவில் அதைச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.